எதிரில் உட்கார்ந்தவன் தம்பி

கையில் வந்த நாலு சீட்டையும் ஒரேயடியாக விரித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. மேசையோடு சேர்த்து உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் தூக்கி, ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்த்த பிறகும் முகத்தில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலான ஆட்டங்களில் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொள்வாள். அதனால் அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. பூட்டு திறந்தால், அதாவது அவள் பந்தய வில்லைகளை முன்னால் தள்ளினால், விவரம் தெரிந்தவர்கள் மறுபேச்சில்லாமல் விலகிக்கொள்வார்கள்.

விலகாதவன் ஒருத்தன்தான். அவளுடைய தம்பி.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில்தான் அவர்கள் ஆடுவார்கள். பள்ளியை நடத்துகிறவரை எல்லாரும் வாத்தியார் என்பார்கள். மதிய வகுப்பு முடிந்ததும் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஒரு பழைய கம்பளியை விரித்துவிடுவார். சுவர் முழுக்க 'நில்', 'வழிவிடு', 'முந்தாதே' என்று சாலை விதிப் படங்கள். காசு வைத்து ஆடுவதில்லை, பிளாஸ்டிக் வில்லைகள்தான். ஆனாலும் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

ஆட்டம், ஒமாஹா என்கிற போக்கர். ஆளுக்கு நாலு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று ஐந்து சீட்டுகள் திறப்பார்கள். கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து மூன்று சேர்த்து யாருடைய ஐந்து பெரியதோ அவருக்கு வெற்றி. நடுவில் எவ்வளவு வில்லைகள் சேர்ந்திருக்கின்றனவோ அந்தக் கணக்குக்கு மேல் ஒரே தடவையில் ஏற்ற முடியாது.

இதை ஒருநாள் சாப்பிடும்போது அவள் கணவருக்கு விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாலு சீட்டக் குடுத்து ரெண்டுதான் எடுக்கணும்னா, மீதி ரெண்டு எதுக்கு? நம்ம வீட்டுல என்னை மாதிரி சும்மா நிக்கவா?" என்றார்.

அவளுக்குச் சொந்தமாக ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. கண்ணைப் பரிசோதித்து, பவர் குறித்து, லென்ஸை ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது வரை தானே செய்வாள். ஒரு மயிரிழை பிசகினாலும் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும் என்பதால் நிதானம் அவளுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. தம்பி நேர் எதிர். கைபேசி பழுது பார்த்தான், ஒரு வருடம் ஓடியது. சலவைக் கடை வைத்தான், அதுவும் படுத்துவிட்டது. இப்போது பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறான். கல்யாணமும் நிலைக்கவில்லை, மனைவி பிரிந்துபோய்விட்டாள். பெண் குழந்தை வார இறுதியில் மட்டும் அவனிடம் வரும். இவ்வளவுக்கும் நடுவில் சிரித்த முகம் மட்டும் மாறவில்லை.

சீட்டாட்டத்துக்கு அவளை இழுத்து வந்தவனே அவன்தான். அவர்களுடைய அப்பா இறந்த வருடம் அது. அவள் கடைக்குப் போவாள், வீட்டுக்கு வருவாள், யாரிடமும் இரண்டு வார்த்தை பேசமாட்டாள். ஒருநாள் மத்தியானம் தம்பி கடைக்குள் நுழைந்து, ஃப்ரேம்கள் அடுக்கியிருந்த கண்ணாடி மேசைமேல் சீட்டுக்கட்டைப் பிரித்துப் போட்டான்.

"உக்காரு. நாலு எடு."

"வேலை கிடக்குடா."

"வேலை எங்க போகப்போகுது? ஊர்ல எவனுக்கும் திடீர்னு கண்ணு தெரிஞ்சிடாது. எடு."

எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை வகுப்பறையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலைந்து மாதத்தில் அவனை மிஞ்சிவிட்டாள். எந்த நாலு சீட்டோடு ஆட்டத்துக்குள் இறங்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. உயர்ந்த ஜோடி, கூடவே அதே சாதியில், அதாவது அதே சின்னத்தில், துணைச் சீட்டு. இல்லையென்றால் நாலும் வரிசையாகக் கைகோத்து நிற்க வேண்டும். மற்றதெல்லாம் குப்பை. தம்பிக்கோ குப்பை என்று ஒன்று கிடையாது. "எல்லாமே சீட்டுதானேக்கா, பாவம், அதுவும் ஆட வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் ஏழையும் வைத்துக்கொண்டு பாய்வான். சில நாள் ஜெயிப்பான். பல நாள் முதல் ஆளாக வில்லைகளைத் தொலைத்துவிட்டு, எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பான்.

வருடத்துக்கு ஒருமுறை கூட்டத்துக்குள் பெரிய ஆட்டம் ஒன்று நடக்கும். ஜெயிப்பவரை வேறொரு ஊரில் நடக்கும் போட்டிக்குக் கூட்டத்தின் சார்பில் அனுப்புவார்கள். அந்த வருடம் தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

"இந்தத் தடவை நான்தான் போறேன். பாத்துக்கிட்டே இரு."

"போவே போவே. கனவுல போவே."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ரோஷம் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஆட்ட நாளன்று இரண்டு மேசை போட்டிருந்தார்கள். அக்கா ஒன்றில், தம்பி இன்னொன்றில். அடுத்த மேசையில் என்ன நடக்கிறது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் சீட்டைப் பார்க்கவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. ஆட்கள் குறைந்து இரண்டு மேசையும் ஒன்றானபோது தம்பியும் இருந்தான். 'அட, இன்னும் இருக்கானே' என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். கடைசியில் வாத்தியாரும் தோற்று எழுந்து, சீட்டுப் போடுகிற வேலையை எடுத்துக்கொண்டார். மிச்சம் அக்காவும் தம்பியும். வில்லைகள் ஏறக்குறைய சமம். அவளிடம் ஒரு கைப்பிடி கூடுதல். தோற்றவர்களெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த நாலு சீட்டு வந்தது. கட்டைவிரலால் தூக்கினாள். இஸ்பேட் ஆஸ். அடுத்தது இஸ்பேட் ராஜா. அதற்கடுத்தது ஆட்டின் ஆஸ். கடைசி, ஆட்டின் ராணி. இரண்டு ஆஸ், இரண்டுக்கும் அதனதன் சாதியிலேயே துணை. இதற்கு மேல் கேட்டால் பேராசை. அனுமதித்த அளவுக்கு முழுதாக ஏற்றினாள். தம்பி தன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கொஞ்ச நேரம் யோசித்தான், சரிக்குச் சரி போட்டான்.

வாத்தியார் நடுவில் மூன்றைத் திறந்தார். டைமன் ஒன்பது, இஸ்பேட் எட்டு, டைமன் மூன்று.

அவள் நடுவில் இருந்த கணக்குக்கு மறுபடியும் ஏற்றினாள். தம்பியிடம் மிஞ்சியிருந்தது ஏற்றக்கூடிய அளவுக்குள் அடங்கியது. இரண்டு கையையும் தன் வில்லைகளுக்குப் பின்னால் வைத்து, சத்தம் வராமல் மொத்தத்தையும் நடுவுக்குத் தள்ளினான்.

கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவளே சொல்லுகிற பாடம் ஒன்று உண்டு. 'நடுச்சீட்டு திறக்கிற வரைக்கும்தான் ரெண்டு ஆஸுக்கு மவுசு. திறந்த பிறகு அது வெறும் ஒரு ஜோடி. அதக் கட்டிக்கிட்டு அழாதீங்க.' ஒன்பதும் எட்டும் ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டு டைமன் கிடக்கிறது. எதிராளி மொத்தத்தையும் தள்ளுகிறான். அவளுடைய இஸ்பேடுக்கும் ஆட்டினுக்கும் அங்கே பெரிதாக வேலையில்லை. எதிரில் வாத்தியார் உட்கார்ந்திருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு ஆஸ் இரண்டையும் கவிழ்த்திருப்பாள். வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் கவிழ்த்திருப்பாள்.

ஆனால் உட்கார்ந்திருந்தவன் தம்பி. இவன்கிட்ட என்ன பெருசா இருந்துடப் போகுது?

அவளும் போட்டாள்.

இனி ஏற்ற ஒன்றுமில்லை என்பதால் இருவரும் சீட்டை மல்லாத்தி வைத்தார்கள். தம்பியிடம் டைமன் ஜாக்கி, டைமன் பத்து, கிளாவர் ஒன்பது, கிளாவர் எட்டு. நாலும் வரிசை, இரண்டிரண்டாக ஒரே சாதி. நடுவில் கிடந்த ஒன்பதும் எட்டும் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு ஜோடியாகிவிட்டிருந்தன. ஒரு ஏழு வந்தாலும், ஒரு ராணி வந்தாலும், எந்த டைமன் வந்தாலும் அவன் கை இன்னும் பெருக்கும். அவளுக்குக் காது மடல் சுட்டது. சுற்றியிருந்தவர்களில் யாரோ நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். தான் தவறாகப் போட்டது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

நாலாவது சீட்டு, கிளாவர் இரண்டு. யாருக்கும் பயனில்லை.

ஐந்தாவது, கிளாவர் ஆஸ்.

மூன்று ஆஸ். ஆட்டம் முடிந்தது. அவளுடைய நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது சட்டென்று விலகியது; விலகிய வேகத்தில் வாய் திறந்துகொண்டது.

"நான் எத்தனை தடவைடா சொல்லியிருக்கேன்? சீட்டப் பாத்து ஆடு, சீட்டப் பாத்து ஆடுன்னு. எட்டும் ஒன்பதும் வச்சிக்கிட்டு மொத்தத்தையும் தள்ளுவியா? கெடைச்சதெல்லாம் புடிச்சிக்கிட்டுத் தொங்கறது உனக்குப் பொழப்பாப் போச்சு. கடையும் இப்படித்தான், கல்யாணமும் இப்படித்தான்."

வாத்தியார், "ஏம்மா..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். கூட்டத்தில் ஆடுகிற இயன்முறை மருத்துவர் ஒருவர் தன் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

தம்பி சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, மேசையில் தட்டி ஓரம் நேராக்கி, வாத்தியாரிடம் கொடுத்தான். "சரிக்கா, ஜெயிச்சிட்டே. நல்லபடியாப் போயிட்டு வா" என்று கையை நீட்டினான். அவளும் பிடித்துக் குலுக்கினாள். அவன் கை சில்லிட்டிருந்தது. அவன் வழக்கம்போல் பெஞ்சுகளை இழுத்து இடத்தில் போட்டுவிட்டுத்தான் போனான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஜெயித்த கதையைச் சொன்னாள். திட்டிய கதையைச் சொல்லவில்லை.

வெளியூர்ப் போட்டி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. தரையெல்லாம் பூப்போட்ட விரிப்பு. வரிசை வரிசையாக மேசைகள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வில்லைகளைக் கையில் உருட்டுகிற சத்தம் மழைபோல் விழுந்துகொண்டிருந்தது. காலையில் ஓரளவு தாக்குப்பிடித்தாள். மதிய இடைவேளையில் அவள் மேசையிலேயே ஆடிய ஒரு பெண்மணி உணவுத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். தபால் கொடுக்கிற வேலை, வெயிலில் அலைந்து கறுத்த முகம், கலகலவென்ற பேச்சு. சீட்டாடுகிற இரண்டு பேர் சந்தித்தால் குசலம் விசாரிக்கும் முன் ஆடிய ஆட்டத்தைத்தான் சொல்லிக்கொள்வார்கள். நீங்க எப்படி இங்க வந்தீங்க என்று அவள் கேட்க, இவள் அந்தக் கடைசி ஆட்டத்தை முதலிலிருந்து சொன்னாள். சீட்டு விவரங்களை ஒன்று விடாமல் சொன்னாள்.

தபால்காரப் பெண்மணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருங்க இருங்க. ஒன்பது, எட்டு, மூணு. ரெண்டு டைமன். அவர் மொத்தமும் தள்றாரு. நீங்க வெறும் ஆஸ் ஜோடிய வச்சிக்கிட்டுப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"காலையிலிருந்து பாக்கறேன், கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. இத விட உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் கவுத்துட்டுப் போனீங்களே. அங்க எதுக்குப் போட்டீங்க? எதிர்ல யாரு?"

"என் தம்பி."

"ஓ." அவள் மறுபடியும் கரண்டியை எடுத்துக்கொண்டாள். "தம்பின்னு போட்டுட்டீங்க." கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, "பாவம், அவர் சரியாத்தான் ஆடியிருக்காரு. ஆரம்பச் சீட்டும் நல்ல சீட்டு, தள்ளின இடமும் சரியான இடம். நானா இருந்தாலும் அப்படித்தான் ஆடியிருப்பேன். அன்னைக்கு அவருக்கு நேரம் இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

அதற்குப் பிறகு அக்காவால் சாப்பிட முடியவில்லை. சரியாக ஆடியவனைத் தவறாக ஆடியவள் திட்டியிருக்கிறாள். அது அவளுக்கு அன்றே தெரியும். மூன்றாவது ஆஸ் விழுந்ததும் தெரியாததுபோல் ஆக்கிக்கொண்டாள். மதியத்துக்குமேல் சாதாரணமான ஓர் ஆட்டத்தில் தோற்று வெளியே வந்தாள். வருத்தமே வரவில்லை. ஊர் திரும்பும் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து, 'கல்யாணமும் இப்படித்தான்' என்று தான் சொன்னபோது தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை; வில்லைகளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பியதும் முதல் வேலையாக வாத்தியாரைப் பார்க்கப் போனாள். அவர் ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்தவரிடம், தம்பி அன்றைக்கு எப்படி ஆடினான் என்று கேட்டாள்.

"அன்னைக்கு நான் அவன் மேசையிலதானேம்மா இருந்தேன். ஆட்டம் ஆரம்பிச்சதிலிருந்து உன்ன மாதிரியே உக்காந்திருந்தான். கவுக்கறான், கவுக்கறான், கவுத்துக்கிட்டே இருக்கான். என்னடா, பூட்டுக்குத் தம்பி பூட்டா ஆயிட்டியான்னு கேலிகூடப் பண்ணினேன். 'எங்கக்கா அசந்து போகணும் வாத்தியாரே'ன்னான்."

"அப்பவே நீங்க சொல்லியிருக்கலாமே."

"நீ எங்க விட்டே?"

அங்கிருந்து நேராகச் சைக்கிள் கடைக்குப் போனாள். தம்பி ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுற்றவிட்டு, கோணல் எங்கே என்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடை அவள் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. சுவரில் கருவிகள் வரிசையாகத் தொங்கின. வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வாங்கக்கா. உக்காருங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து 'வா', 'போ', 'ஏய் அக்கா'. அப்பாவின் சாவு வீட்டில்கூட 'அழாதே, சாப்பிடு' என்று அதட்டியவன். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. கோபமும் இல்லை. வாடிக்கையாளர்களிடம் காட்டுகிற மரியாதை இருந்தது.

"போட்டி எப்படி இருந்தது? நல்லா ஆடினீங்களா?"

"அத விடு. நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் பேசினது தப்புடா. நீ சரியாத்தான் ஆடினே. நான்தான் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன். போட்டதும் இல்லாம..."

"சீட்டுதானேக்கா. விடுங்க."

"சீட்டப் பத்தி மட்டும் சொல்லல."

அவன் சக்கரத்தைக் கையால் நிறுத்தினான். காத்திருந்தவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னான்.

"நீங்க என்னைத் திட்டாத நாள் எது? கன்னாபின்னான்னு ஆடித் தோத்துட்டுத் திட்டு வாங்கியிருந்தா, சிரிச்சிக்கிட்டுப் போயிருப்பேன். அன்னைக்கு நான் ஒழுங்கா ஆடினேன். அது எனக்குத் தெரியும். ஒழுங்கா ஆடினாலும் உங்களுக்கு நான் அதே ஆளுதான்னு தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

"மன்னிச்சிடுடா."

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு? காபி சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க."

காபி வந்தது. குடித்தாள். அவன் பக்கத்திலேயே நின்று, அவளுடைய கணவர் நலமா என்று விசாரித்தான். கோப்பையை வாங்கி வைத்தான். வாசல்வரை வந்து வழியனுப்பினான். ஒரு குறையும் சொல்ல முடியாது. திட்டியிருந்தால் அழுதிருப்பாள், சண்டை போட்டிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். கேட்டதுமே மன்னித்துவிட்டவனிடம் இரண்டாவது தடவை எதைப் போய்க் கேட்பது?

சனிக்கிழமைகளில் அவன் அதன்பிறகு வரவில்லை. கடையில் வேலை அதிகம் என்று வாத்தியாரிடம் சொல்லியிருந்தான். அது பொய்யும் இல்லை. அவள் சில வாரம் போனாள். ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை, கையில் நல்ல சீட்டுகள் வந்தபடிதான் இருந்தன. ஆனால் எதிரில் யார் உட்கார்ந்தாலும், இவரிடம் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடும்போதெல்லாம் நடுவில் ஏதோ தடுக்கியது. பிறகு போவதைக் குறைத்துக்கொண்டாள். கணவர் ஒருமுறை, "உன் தம்பிகூட என்ன?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லையே, பேசிக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள். அதுவும் உண்மைதான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தம்பி தன் மகளைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்து வந்தான். பள்ளியில் கரும்பலகை தெரியவில்லை என்கிறாளாம். அவள் குழந்தையை உயரமான நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்து, சோதனை ஃப்ரேமை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள். தம்பி கதவருகே நின்றிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இது நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டது நல்லாத் தெரிஞ்சதா?"

"இதுதான் அத்தை. நீ முன்னாடி போட்டது கலங்கலா இருந்தது."

"நீங்கன்னு சொல்லு," என்றான் தம்பி கதவருகிலிருந்து.

"பரவால்லடா, சொல்லட்டும்," என்றாள் அவள். அடுத்த லென்ஸை எடுத்துத் துடைத்தாள்.

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க," என்று திருத்திக்கொண்டது.

ஃப்ரேம் தேர்ந்தெடுப்பதில் குழந்தை நெடுநேரம் எடுத்துக்கொண்டது. சிவப்பா நீலமா என்று அப்பாவைக் கேட்டது. அப்பா அத்தையைக் கேட்கச் சொன்னான். நீலம் என்று முடிவானது. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். "சரிக்கா, வரோம்," என்று அவன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். குழந்தை ஏதோ கேட்டது. அவன் குனிந்து பதில் சொல்லி, வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே உட்கார்ந்து அந்த இரண்டு லென்ஸையும் தேய்த்தாள். அவ்வளவு பார்த்துப் பார்த்து அவள் எந்தக் கண்ணாடியையும் செய்ததில்லை. வியாழக்கிழமை தம்பி வரவில்லை; அவன் சொன்னதாகக் கண்ணாடியை வாங்கிக்கொள்ள வந்தது குழந்தையின் அம்மா.